அடுத்த அறையில் மாநாடு

பிரியமுள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே அனைவரும் சுகம் என்று தொடங்குவதுதான் மரியாதை என்பதால் அப்படியே தொடங்குகிறேன். உன் சுகம், உன் மனைவி சுகம், பிள்ளைகளின் படிப்பு, உன் இடுப்புவலி எல்லாவற்றையும் வரிசையாக விசாரித்துவிட்டதாக வைத்துக்கொள். என்னால் உட்கார முடியவில்லை, நின்றுகொண்டேதான் எழுதுகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை நீ கண்டிப்பாகப் புறப்பட்டு வர வேண்டும். திங்கட்கிழமை காலை உன் அக்கா ஒரு இடத்துக்குப் பதில் சொல்லப் போகிறாள். சரி என்று சொல்லிவிட்டால் இரண்டு மாதம் ஊர் ஊராகப் போய்விடுவாள். அவளைத் தடுக்க என்னால் ஆகாது என்பது உனக்கே தெரியும். தம்பி சொன்னால் கேட்பாள்.

போனில் சொல்லக் கூடாதா என்பாய். எப்படிப் பேசுவது? அடுத்த அறையில் மாநாடு நடக்கிறது. குக்கர் விசில் அடிக்கக் கூடாது, அழைப்பு மணியைக் கழற்றியாகிவிட்டது, நான் தும்ம வேண்டுமென்றால் மாடிப்படிக்குப் போய்த் தும்மிவிட்டு வருகிறேன். ஆகவேதான் கடிதம். பேனா சத்தம் போடாது என்று நினைக்கிறேன்.

ஓய்வு பெற்றதும் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு மிச்சக் காலத்தை ஓட்டிவிடலாம் என்று மனக்கோட்டை கட்டியிருந்தேன். நான் உட்கார்ந்தேன், எதிர் நாற்காலிதான் காலியாக இருந்தது. மாடி வீட்டுப் பெண் ஒரு நிறுவனம் நடத்துகிறாள். கம்பெனிகள் கூட்டம் போடும்போது, அதாவது ஆண்டுக் கூட்டம், புதுப் பொருள் அறிமுகம், டீலர்கள் சந்திப்பு இப்படி ஏதாவது நடக்கும்போது, அன்றைக்கு மட்டும் வேண்டிய ஆட்களை அனுப்பி வைப்பதுதான் அவள் தொழில். வாசலில் வரவேற்க ஒருவர், பெயர் அட்டை மாட்டிவிட ஒருவர், மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓட ஒருவர், கூட்டமே கம்ப்யூட்டரில் நடந்தால் யார் பேசலாம், யார் வாயை அடைக்கலாம் என்று பார்த்துக்கொள்ள ஒருவர். நிரந்தரம் எதுவும் கிடையாது. கூப்பிட்டால் போகலாம், முடியவில்லை என்றால் முடியாது என்று சொல்லிவிடலாம். உன் அக்கா அவர்களிடம் முடியாது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை, அதையெல்லாம் எனக்காகச் சேர்த்து வைத்திருக்கிறாள். அவளுக்கு ஒருமுறை பார்த்த முகம் மறக்காது, கல்யாண வீட்டில் யாருக்கு யார் என்ன உறவு என்று எல்லோரும் அவளைத்தான் கேட்பார்கள். அந்தத் திறமைக்கு இப்படி ஒரு கிராக்கி இருக்கும் என்று நான் கண்டேனா?

ஒரு நாள் விடியும் முன்பே கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு ஓட்டலுக்குப் போகிறாள். மறுநாள் அதே கோட்டோடு படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். கட்டிலுக்குப் பின்னால் ஒரு நீலத் துணி தொங்குகிறது. அந்தத் துணிக்குப் பின்னால் அலமாரி இருக்கிறது, அலமாரிக்குள் என் சட்டைகள் எல்லாம் இருக்கின்றன. இடைவேளை விட்டால்தான் எனக்குச் சட்டை. போன வாரம் மூக்குக்கண்ணாடியைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டேன். கேமராவுக்குக் கீழே போனால் யாருக்குத் தெரியப்போகிறது என்று பனியனும் துண்டுமாகத் தவழ்ந்து போனேன். போகிற வரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. திரும்பும்போது முட்டி பிடித்துக்கொண்டது. நீலத் துணியைப் பிடித்து எழுந்தேன், துணி என்னோடு வந்துவிட்டது. ஏதோ மருந்துக் கம்பெனியாம், நாலைந்து நாட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். உன் அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒரு சின்ன தொழில்நுட்பக் கோளாறு, இப்போ சரியாயிடும்" என்றாள். அவள் கழுத்தில் தாலி கட்டிய என்னைத்தான், மாப்பிள்ளை, அப்படிச் சொன்னாள்.

வேலை முடிந்த பிறகாவது மனுஷியாக இருப்பாள் என்று பார்த்தால் அதுவும் இல்லை. சாப்பிடும்போது வாயைத் திறந்தால், "கேள்விகளைக் கடைசியில எடுத்துக்கலாம்" என்கிறாள். கடைசி எப்போது வரும் என்று நானும் காத்திருக்கிறேன், அதற்குள் தூங்கிவிடுகிறாள்.

இப்போது இந்த இரண்டு மாதச் சங்கதிக்கு வருகிறேன். கொடுமை என்னவென்றால், இதற்குக் காரணமே நான்தான். ஒரு நாள் காலை கதவு காக்க வேண்டிய ஆளுக்குக் காய்ச்சல். உன் அக்கா என் போர்வையை இழுத்து, "எழுந்திரிங்க, கறுப்புப் பேன்ட் போடுங்க, நின்னா போதும், பேச வேண்டாம்" என்றாள். மண்டபத்தின் வாசலில் நிறுத்தினாள். பெயர் அட்டை இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே, அவ்வளவுதான் வேலை. என்னைப் பற்றி உனக்குத் தெரியாதா? ஆபீஸில் வருகைப் பதிவுப் பிரிவிலேயே தலை நரைத்தவன். தாமதமாக வந்த மேலதிகாரிக்கே சிவப்பு மையில் குறி போட்டவன்.

கூட்டம் தொடங்கிய பிறகு ஒருவர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். கழுத்தில் அட்டை இல்லை.

"சார், நான் உள்ள போய்ப் பேசணும்" என்றார்.

"எல்லாரும் பேசத்தான் வந்திருக்காங்க. அட்டை எங்கே?"

"கார்ல விட்டுட்டேன். இது என் கம்பெனி சார்."

"அப்ப நீங்கதான் முதல்ல வந்திருக்கணும்" என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நல்ல மனிதர். அவருக்கும் முட்டிவலி உண்டாம், தைலம் எல்லாம் பேசிக்கொண்டிருந்தோம். உள்ளே தலைவரைக் காணோம் என்று ஒரே கூச்சல், நேரத்தை நிரப்ப வேறு வழியில்லாமல் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்கள். உன் அக்கா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். அடுத்த கணம், "வாங்க சார், உங்களுக்காகத்தான் எல்லாரையும் உட்கார வச்சிருக்கோம்" என்று, ஏதோ நாங்கள் திட்டம் போட்டே அவரைத் தாமதப்படுத்தியது மாதிரி அழைத்துப் போய் மேடையில் ஏற்றிவிட்டாள். சபை எழுந்து கை தட்டியது. அன்று சாயங்காலம் எனக்கு ஐந்துக்கு ஒற்றை நட்சத்திரம் கிடைத்தது. இந்த வேலையில் ஒவ்வொருவருக்கும் மேற்பார்வையாளர் நட்சத்திரம் போட வேண்டுமாம். எனக்கு மேற்பார்வையாளர் உன் அக்கா.

அந்தத் தலைவர் மாடி வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, ஊர் ஊராக நடக்கப்போகும் தங்கள் கம்பெனிக் கூட்டங்கள் அத்தனைக்கும் அந்த அம்மாதான் பொறுப்பு என்று சொல்லிவிட்டாராம். கதவில் நின்றவரை அனுப்ப வேண்டாம் என்றும் சொன்னாராம், அது போகட்டும்.

நேராகவே சொல்லிவிடுகிறேன் மாப்பிள்ளை. அவள் இல்லாத வீட்டில் எனக்கு இருக்கத் தெரியாது. அந்தக் கதவு சாத்தியிருந்தாலும் உள்ளே அவள் குரல் கேட்கிறதே, அது இல்லாமல் போனால் நான் யாருக்குப் பயந்து அடிமேல் அடி வைத்து நடப்பது? வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். அம்மா இருந்தால் என்ன சொல்லியிருப்பாள், இந்த வயதில் அலைச்சல் எதற்கு, உடம்பு என்னாவது என்று நீ உன் பாணியில் எடுத்துவிடு. நான் சொன்னதாகச் சொல்லிவிடாதே.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நூறாண்டு நன்றாக இருக்கட்டும், நல்ல உத்தியோகம் கிடைக்கட்டும், அது நிரந்தர உத்தியோகமாகவும் இருக்கட்டும்.

உன் வருகையை வாசலில் நின்று பார்த்திருக்கும்,
அத்தான்.

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டப் போகும்போது கதவு லேசாகத் திறந்திருந்தது. மாநாடு முடிந்து உன் அக்கா மாடி வீட்டுப் பெண்ணோடு திரையில் பேசிக்கொண்டிருந்தாள். "வேண்டாம்மா, என் பேரை எடுத்துரு. இவரைத் தனியா விட்டுட்டு எப்படி வர்றது. வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது" என்றாள். நான் உன்னிடம் கேட்டதை அவளே செய்துவிட்டாள். எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ஒரு மண்டபத்தையே அடக்குகிற குரல் மாப்பிள்ளை, அது அவ்வளவு சின்னதாகக் கேட்டு எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போனேன், இந்தத் தடவை நடந்தே போனேன், கேமராவுக்கு முன்னால் குனிந்து, "அவ வருவாம்மா, பேரை எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டேன்.

"உங்களை யாரு பார்த்துப்பா?" என்றாள் உன் அக்கா.

"உன் தம்பி வர்றான். எல்லாம் பேசியாச்சு" என்றேன்.

பிறகுதான் உனக்குப் போன் செய்தேன். நீ தூங்கிக்கொண்டிருந்ததால் உன் மனைவி எடுத்தாள். இரண்டு மாதம் என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். "மூணு மாசம்னாலும் வச்சுக்கோங்க அண்ணா, இங்க நாள் முழுக்க இடுப்புவலின்னு ஒரே புராணம்" என்று சந்தோஷமாகச் சொன்னாள். ஆகவே மேலே எழுதிய எதையும் அக்காவிடம் மூச்சு விடாதே. ஞாயிற்றுக்கிழமை துணிமணியோடு வந்துவிடு. நீ இப்போதெல்லாம் பிரமாதமாகச் சமைக்கிறாய் என்று உன் அக்காவிடம் சொல்லித்தான் சம்மதிக்க வைத்திருக்கிறேன், அதற்குள் எப்படியாவது கற்றுக்கொள்.