வராத சாவி

சாவி வரவில்லை.

தனக்கோடி இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். பெங்களூர் வைட்ஃபீல்ட் ஆபீஸ் வாசலில் கார் நின்றாயிற்று, என்ஜின் அடங்கியாயிற்று, ஹேண்ட் பிரேக்கும் போட்டாயிற்று. சாவி மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

அது 1999. ஏழு மாதம் வேலையில்லாமல் இருந்துவிட்டு அன்றைக்குத்தான் டிரைவராகச் சேர்ந்திருந்தார். கார், ஜெர்மனியிலிருந்து வந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். கிளட்சே கிடையாது.

"ஆட்டோமேட்டிக் ஓட்டுவீங்களா?" என்று முதலாளி சுப்ரமணியன் கேட்டபோது, "துபாய்ல அஞ்சு வருஷம் அதானே சார்" என்று சொல்லி வைத்திருந்தார். துபாயை அவர் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. ஓட்டியதெல்லாம் கியர் வண்டி.

காலையில் முதலாளியே ஸ்டார்ட் செய்து கொடுத்தார். வரும் வழியில் தனக்கோடியின் இடது கால் கிளட்சைத் தேடிப் போய் மூன்று முறை பிரேக்கை மிதித்தது. முதலாளி மூன்று முறையும் முன்கண்ணாடிவரை போய் வந்தார். திட்டவில்லை. "வண்டிய விட்டு நகராதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். இப்படிப்பட்ட மனிதரிடம் பொய் சொன்னோமே என்று தனக்கோடிக்கு உறுத்தியது.

கியர் லீவரை நியூட்ரலில்தான் விட்டிருந்தார். அதை 'பி'யில், அதாவது பார்க்கிங்கில், தள்ளினால் சாவி தானாகக் கழன்றுவிடும். ரேஸ் காராயிற்றே, 'பி' என்றால் பவராகத்தான் இருக்கும், தொட்டால் சுவரைப் பிளந்துகொண்டு போகும் என்று அவர் அந்தப் பக்கம் கையையே கொண்டுபோகவில்லை.

"என்ன குரு, சிக்கிடுச்சா?" என்றார் வாட்ச்மேன் கிருஷ்ணப்பா. "தேங்கா எண்ணெ விடு."

விட்டார். இப்போது கையும் வழுக்கியது.

சாயங்காலம் சாவியைக் கேட்டால் என்ன சொல்வது? வேலை போய்விடும். பயத்தில் வியர்த்தது. ஃபேனைப் போட்டார். நான்கு மணிக்கு ஃபேன் நின்றது, பேட்டரி காலி.

ஐந்து மணிக்கு முதலாளி வந்தார்.

"தள்ளுனா பிடிச்சுக்கும் சார்" என்றார் தனக்கோடி. அவருடைய கியர் வண்டிகள் எல்லாம் அப்படித்தான் பிடித்துக்கொண்டன.

ஆறு பேர் தள்ளினார்கள். கிளட்ச் இல்லாத இந்த வண்டி ஒரு செருமல்கூடச் செருமவில்லை. நடுரோட்டில் போய் நின்றது. பின்னால் நான்கு பஸ்கள் அலறின.

முதலாளி ஓரமாகப் போய் மனைவிக்கு போன் செய்தார். தனக்கோடிக்குத் தாங்கவில்லை. பின்னாலேயே போய்க் கைகூப்பினார்.

"மன்னிச்சிடுங்க சார். துபாயும் இல்ல, ஒண்ணும் இல்ல. காலைலேருந்து சாவி வரல. வேலைக்கு பயந்து மறைச்சிட்டேன்."

முதலாளி பஸ்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆட்டோவில் வந்து இறங்கிய முதலாளியின் மனைவி சீதாலட்சுமி, எண்ணெய் வழியும் சாவியைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். பிறகு தனக்கோடியிடம் சொன்னாள்:

"உங்களுக்கும் வரலையா? நாலு நாளு இவரே வண்டிக்குள்ள காவல் உக்காந்தாரு. முடியாமதானே டிரைவரே வெச்சோம்!"