டிம்புக்கு இரண்டு வாரம் எம்.சி.

கோல சிலாங்கூர்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்த கையோடு.

அன்புள்ள மாடில்டா அக்காவுக்கு, தம்பி கிளாரன்ஸ் வணக்கத்தோடு எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் ஷெல்லியும் பிள்ளையும் சுகம். ரவாங்கில் நீயும் அத்தானும் அவருடைய முழங்காலும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

அக்கா, எல்லாம் உன்னால் வந்தது. நாலு வருடத்துக்கு முன் அபிகெயிலின் ஏழாவது பிறந்தநாளுக்கு ஒரு கதைப்புத்தகம் கொடுத்தாயே, காணாமல் போன தம்பியைத் தேடி ஒரு சிறுமி கடல் கடலாகப் போவாளே, கூடவே டிம்பு என்று சிறகு முளைத்த நீர்நாய் ஒன்று பறக்குமே, அந்தக் கதை அதோடு முடியாமல் ஆறு புத்தகம் வரை நீண்டு, ஆறையும் நானும் மகளும் சேர்ந்தே வாசித்தோம். போன வாரம் ஏழாவது வந்தது. அதுதான் கடைசி. அட்டையில் டிம்பு இல்லை. அதைப் பார்த்ததும் அபிகெயில், "அப்பா, டிம்பு செத்துருச்சுன்னா நான் இனிமே எந்த புக்கையும் தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், மதிய இடைவேளையில் எண்ணெய் ஆலைக்கு வெளியே காரில் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தைத் திறந்தால், டிம்பு அந்தச் சிறுமியின் மடியில் தலைசாய்த்துக் கண்ணை மூடிவிட்டது. மீதிப் பக்கங்களைப் படிக்கத் தெம்பில்லாமல் புத்தகத்தை மூடிவைத்து விம்மி விம்மி அழுதேன். செம்பனைக் குலை எடைபோடும் உடையப்பன் அண்ணன் கண்ணாடியைத் தட்டி, "என்னா கிளாரன்ஸு, வீட்டுல யாருக்கும் ஏதுமா?" என்றார். "நீர்நாய் செத்துருச்சுண்ணே" என்றேன். "பாவம்லா! லோரியில அடிபட்டுச்சா?" என்று கேட்டவர், அன்று முழுக்க உள்ளே வந்த லோரிக்காரர்களை எல்லாம் திட்டித் தீர்த்தார்.

பிள்ளைக்கு இந்தத் துக்கம் வேண்டாம் என்று, ஆபீஸ் கம்ப்யூட்டரில், புத்தகத்தைப் போலவே ஆங்கிலத்தில், புது முடிவு ஒன்றை அடித்தேன். மீதிப் பக்கங்களைக் கம் தடவி ஒன்றாக ஒட்டி, மேலே என் தாளையும் ஒட்டினேன். என் முடிவில் டிம்புவை கிளினிக்குக்குத் தூக்கிப் போகிறார்கள், ஊசி போடுகிறார்கள், டாக்டர் இரண்டு வாரத்துக்கு எம்.சி. விடுப்புச் சீட்டு எழுதிக்கொடுத்து வேலைக்குப் போகாதே, எண்ணெய்ப் பலகாரம் தொடாதே என்கிறார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அபிகெயில் அந்தப் பக்கத்துக்கு வந்தாள்.

"அப்பா, நடுக்கடல்ல ஏதுப்பா கிளினிக்? டிம்பு எந்த ஆபீஸுக்குப்பா எம்.சி. காட்டணும்?"

அடுப்படியில் ஷெல்லி சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. உண்மையைச் சொல்லிவிட்டேன். பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, "பரவால்லப்பா, ரெண்டு பேரும் சேர்ந்து அழுவோம்" என்றாள். அழுதோம், அக்கா. சப்பாத்தி ஆறிப்போகும் வரை அழுதோம்.

ஆகையால் அடுத்த பிறந்தநாளுக்குத் தயவுசெய்து சட்டைத்துணி எடுத்துக் கொடு. ஆண்டவர் உன்னையும் அத்தானையும் இரண்டு முழங்காலோடும் காப்பாராக.

உன் அன்புத் தம்பி,
கிளாரன்ஸ்

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் அபிகெயில் கெட்டில் ஆவியில் அந்தப் பக்கங்களைப் பிரித்துவிட்டாள். டிம்பு சாகவில்லையாம். களைத்துத் தூங்கியதாம். அடுத்த பக்கத்திலேயே எழுந்து மீன் கேட்கிறதாம். துணி வேண்டாம், அக்கா, புத்தகமே வாங்கு. மூன்றாவது தடவையாக வீடு முழுக்கக் கத்திக்கொண்டு ஓடுகிறாள்: "ஒரே ஒரு பக்கம்பா! இன்னும் ஒரே ஒரு பக்கம் திருப்பியிருந்தா என்னாப்பா!"