வானத்திலும் வலம்தான்

கணவர் ஓட்டும் வண்டியில் மனைவி வழி சொன்னால் குற்றம். சொல்லாவிட்டால் அதைவிடப் பெரிய குற்றம். இதை நான் ஆகாயத்தில் கற்றுக்கொண்டேன். இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

எண்பதுகளின் தொடக்கம். கீழ்பென்னாத்தூரில் எண்ணெய் மில் வைத்திருந்த என் கணவருக்கு விமானப் பைத்தியம். சென்னைக்குப் போய் விமானம் ஓட்டப் பழகி, லைசென்ஸும் வாங்கிவிட்டார். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது நான் கிரிவலம் வருவதாக வேண்டிக்கொண்டிருந்தேன்.

"நடந்து ஏன் கஷ்டப்படுற? பிளேன்லயே சுத்திடலாம்" என்றார்.

(அண்ணாமலையார் இதை ஒப்புக்கொள்வாரா என்று யோசித்தேன். புருஷன் முறைத்ததும் யோசிப்பதை நிறுத்திவிட்டேன். நான் ஒரு படித்த முட்டாள்!)

சென்னை விமான நிலையத்தில் குழந்தையை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு, வாடகைக்கு எடுத்த சின்ன விமானத்தில் கிளம்பினோம். மலையை வலமாகச் சுற்றினோம், கும்பிட்டேன். அதற்குள் பால் கட்டி மார்பு வலிக்கத் தொடங்கிவிட்டது.

திரும்பிச் சென்னையை நெருங்கும்போது, கட்டுப்பாட்டு அறையிலிருந்து ரேடியோவில் தெளிவான ஆங்கிலத்தில் சொன்னார்கள்: இடப்பக்கம் திரும்பி, அங்கேயே வட்டமடித்துக் காத்திருங்கள். வலப்பக்கம் விமானப்படையின் வான்பகுதி, நுழையாதீர்கள்.

இவர் 'புரிந்தது' என்பதற்கு அடையாளமாக "ரோஜர்" என்று சொல்லிவிட்டு வலப்பக்கம் திருப்பினார்.

"ஏங்க, லெஃப்ட்டுன்னு சொன்னாங்க."

"தெரியும். சாமிய வலமா சுத்திட்டு, உடனே இடமா சுத்துவாங்களா? சுத்துன புண்ணியமெல்லாம் அவுந்து போயிடும்."

"அங்க போகக்கூடாதுன்னாங்களே..."

"வானத்துல ஏதுடி வேலி? ஓட்டுறது நீயா, நானா?"

ஒருவேளை நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று வாயை மூடிக்கொண்டேன். (அன்று அப்படி இருந்த என்னையே இப்போது கையில் கிடைத்தால் ஓர் அறை வைப்பேன்.) அடுத்த நொடி ரேடியோ எங்களைத் திட்ட ஆரம்பித்தது. இறங்கும்வரை ஓயவில்லை.

இறங்கியதும் ஓர் அறையில் உட்காரவைத்தார்கள். வெளியே என் குழந்தை பசியில் வீறிடுகிறாள். என் புடவை நனைந்துவிட்டது.

"ஏன் வலப்பக்கம் போனீங்க?" என்றார் அதிகாரி.

இவர் கொஞ்சமும் கூசாமல், "சம்சாரத்துக்கு பக்தி ஜாஸ்தி சார். இடமா சுத்தக்கூடாதுன்னு கையப் புடிச்சிட்டா" என்றார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

இல்லை என்றால் விசாரணை நீளும். குழந்தைக்குத் தொண்டை கட்டத் தொடங்கிவிட்டது.

"ஆமாங்க" என்றேன்.

"சரி, நீங்க போங்கம்மா."

ஓடினேன்.

அவருக்குச் சில மாதங்கள் பறக்கத் தடை. எனக்கு ஆயுள் தண்டனை. உறவில் எந்தக் கல்யாணமானாலும் பந்தியில் இவர் ஆரம்பித்துவிடுவார்: "அன்னிக்கி இவ புடிச்சா பாருங்க, கைய!" இலை அதிர எல்லோரும் சிரிப்பார்கள். அதிலும் சத்தமாகச் சிரிப்பவள், அன்று பசித்து அழுத என் மகள்தான்.