முதலாளின்னு சொல்லாதீங்க

"இன்னொரு தடவை அந்த வார்த்தையைச் சொன்னீங்கன்னா நான் போனை வச்சிடுவேன்" என்றார் ஆடிட்டர்.

"எந்த வார்த்தைங்க?"

"முதலாளி!"

"சரிங்க. இனிமே சொல்லலைங்க. ஆனா எங்க முதலாளிதான் உங்ககிட்ட கேக்கச் சொல்லி..."

ஆடிட்டர் போனை வைக்கவில்லை. பெரிதாக மூச்சு மட்டும் விட்டார்.

போனில் இந்தப் பக்கம் இருந்தவர் வரைபடக்காரர். அலமாரி செய்யும் பட்டறை ஒன்றுக்கு அளவெடுத்து வரைந்து கொடுப்பவர் அவர். சொந்த நாட்டை விட்டு இந்த நாட்டுக்கு வந்தது சுயதொழில் அனுமதியில். அதாவது சட்டத்தின் கண்ணுக்கு அவர் யாருக்கும் வேலைக்காரர் இல்லை, தனக்குத் தானே ராஜா. அந்த ராஜா தினமும் காலையில் எல்லாருக்கும் முன்னால் பட்டறை வாசலில் வந்து, கதவை எப்போது திறப்பார்களோ என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்பது சட்டத்துக்குத் தெரியாது.

இப்போது தெரிந்துகொள்ள வருகிறது. வெள்ளிக்கிழமை வரித்துறை அதிகாரி பட்டறைக்கே நேரில் வந்து விசாரிக்கப் போகிறாராம்.

"நல்லாக் கேட்டுக்கங்க" என்றார் ஆடிட்டர். "நீங்க ஒரே இடத்துக்கு வேலை பாக்கறீங்க. அந்தப் பட்டறைக்காரர் நேரம் சொல்லி, வேலை சொல்லி, நீங்க தலையாட்டினா, நீங்க அவரோட சம்பள ஆளுன்னு அர்த்தம். ஆள் வச்சவருதான் வரி பிடிக்கணும், இன்சூரன்ஸ் கட்டணும். கட்டாததுக்கு அவர் மாட்டுவாரு. உங்க அனுமதி பொய்யின்னு ஆயிடும்."

"ஊருக்கு அனுப்பிடுவாங்களா?"

"குடும்பத்தோட."

அடுத்த அறையில் மகள் பள்ளியில் கற்றுக்கொடுத்த பாட்டைப் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த நாட்டு மொழியில் அவள் வாயைத் திறக்கவே மாதக்கணக்காயிற்று. இப்போதுதான் பாதிப் பாட்டு வரைக்கும் வந்திருக்கிறாள்.

"நான் என்னங்க பண்ணணும்?"

"அவர் சொன்னா மறுத்துப் பேசணும். அவர் சொல்ற நேரத்துக்குப் போகக் கூடாது. முடிஞ்சா உங்களுக்குப் பதிலா வேற ஆளை அனுப்பணும். இதெல்லாம் செய்ய முடிஞ்சவன்தான் சட்டப்படி சுதந்திரமானவன்."

"சரிங்க."

"அந்த சரிங்கதான் சார் பிரச்சினையே!"

உண்மைதான். பட்டறையில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. ஆனால் கேட்டுக் கேட்டு, அதையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். "மிஸ்டர் சரிங்க!" என்று முதலாளி கூப்பிடுவார். இவர் "சரிங்க" என்றபடி ஓடுவார். தவிர, அவரிடம் எதற்காவது சரி என்று சொல்ல வேண்டுமானால் அவர்களும் "சரிங்க" என்றே சொல்லப் பழகிவிட்டார்கள்.

மாலையில் மனைவி பயிற்சி கொடுத்தாள்.

"நான்தான் முதலாளி. இந்த இழுப்பறையை இடது பக்கம் வையுங்க. நீங்க என்ன சொல்லுவீங்க?"

"சரிங்க."

"முடியாதுன்னு சொல்லணும்!"

"சரிங்க."

மனைவிக்குச் சிரிப்பு வந்து, பாதியிலேயே கண் கலங்கிவிட்டது. "விளையாட்டு இல்லைங்க. மறுபடியும் மூட்டையைக் கட்டிக்கிட்டு அந்தக் குழந்தையை எங்கே கொண்டுபோய்ச் சேக்கறது?"

மறுநாள் முதலாளி வரைபடத்தில் விரலை வைத்தார். "இந்தக் கதவு இந்தப் பக்கமாத் திறக்கட்டும்."

வரைபடக்காரர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். "முடியாது!"

மரம் அறுக்கும் இயந்திரம் நின்றது. தச்சர் காதில் செருகியிருந்த பென்சில் கீழே விழுந்தது.

"ஏன் முடியாது?"

காரணம் யோசிக்காமல் வந்துவிட்டார். வாயில் வந்ததைச் சொன்னார். "ஜன்னல்ல... இடிக்கும்."

முதலாளி ஸ்கேலை வைத்து அளந்தார். இடிக்கத்தான் செய்தது.

"இத்தனை வருஷத்துல ஒருத்தனும் என்கிட்ட முடியாதுன்னு சொன்னதில்லை!" என்று முதலாளி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் அவருக்கென்று புத்தம்புது சுழல் நாற்காலி வந்து இறங்கியது.

"நாற்காலியா?" ஆடிட்டர் போனில் அலறினார். "அவங்க நாற்காலி குடுத்தா நீங்க அவங்க ஆளு சார்! உக்காந்தீங்களா?"

"இல்லைங்க. ஒரே ஒரு சுத்து..."

அடுத்த நாள் வேண்டுமென்றே தாமதம் செய்தார். பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து, தன் பேருந்துகள் ஒவ்வொன்றாய்ப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பரீட்சைக்குப் போகாமல் ஒளிந்திருப்பவன் மாதிரி, யாராவது பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் மதியத்துக்குச் சற்று முன்னால் போய்ச் சேர்ந்தால், பட்டறையில் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

"உங்களைக் கேக்காம ஒரு பலகைகூட அறுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன்" என்றார் முதலாளி. "நீங்க உங்க வசதிப்படி வாங்க. இந்தாங்க சாவி. நீங்க திறக்கற நேரத்துக்கு நாங்க வந்துக்கறோம்."

"சாவியா!" ஆடிட்டரின் குரல் கீச்சென்று உடைந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது.

மிச்சம் இருந்தது மாற்று ஆள். வியாழக்கிழமை மச்சினனை அனுப்பினார்கள். மனைவியின் தம்பியான அவனும் அதே ஊரில்தான் இருந்தான். அலமாரியில் துணி வைக்கலாம் என்பதைத் தவிர அதைப் பற்றி அவனுக்கு வேறொன்றும் தெரியாது. ஆனால் வாய்க்குக் குறைச்சல் இல்லை. யார் எதைக் கேட்டாலும் "இருங்க, அத்தானைக் கேக்கறேன்" என்று போனை எடுப்பான். பேசிவிட்டு, "அத்தான் பலகையைத் திருப்பிப் போடச் சொல்றாரு", "அத்தான் இதுக்குத் திருகாணிதான் போடணும்னுட்டாரு" என்று உத்தரவு போடுவான். அவர்கள் மொழியில்தான் பேசினான், அத்தானை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

சாயங்காலத்துக்குள் பட்டறைக்காரர்களுக்கு விஷயம் விளங்கிவிட்டது. இவர்கள் நாட்டில் அத்தான் என்பது ஏதோ பெரிய பதவி.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். மெலிந்த பெண்மணி, மூக்குக்கண்ணாடி, மென்மையான குரல். மென்மையான குரல்தான் வரைபடக்காரரை அதிகம் பயமுறுத்தியது. தன் சுழல் நாற்காலியை அவருக்குத் தள்ளிவிட்டு, ஓரமாக நின்றார்.

"இவருக்கு யார் வேலை சொல்றது?" என்று முதலாளியைக் கேட்டார் அதிகாரி.

"இவருக்கா?" முதலாளி சிரித்தார். "இவருக்குச் சொல்ல முடியுமா? முடியாதுன்னுடுவாரு. இவர் சொல்றதைத்தான் நாங்க செய்யறோம்."

"வேலை நேரம்?"

"இவர் வந்து திறக்கறதுதான் நேரம். சாவி இவர்கிட்ட."

"இவர் வரலைன்னா?"

"இவரோட ஆள் வருவாரு. அந்தத் தம்பி சொன்னாலும் கேட்டுக்குவோம்."

ஒவ்வொரு பதிலுக்கும் வரைபடக்காரருக்குப் போன உயிர் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. அதிகாரி எழுதிக்கொண்டே சொன்னார், "சந்தேகமே இல்லை. இவர் இங்கே சம்பளத்துக்கு வேலை பாக்கறவர் இல்லை."

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. மகள் இனி முழுப் பாட்டையும் பாடிவிடுவாள். மனைவிக்குச் சொல்லலாமென்று போனை எடுக்கப் பைக்குள் கையை விட்டார்.

அப்போது தச்சர் கதவோரமாகத் தலையை நீட்டினார். "அத்தான், திங்கக்கிழமை எனக்கு லீவு வேணும்."

சந்தோஷத்தில் இருந்த மனிதர், பழகிய வாய். "சரிங்க" என்றார்.

"சரிங்க, அத்தான்" என்று முதலாளியும் நாட்காட்டியில் குறித்துக்கொண்டார்.

அதிகாரியின் பேனா நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, பட்டறையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு எழுந்து, சுழல் நாற்காலியை மரியாதையோடு வரைபடக்காரர் பக்கம் திருப்பினார்.

"உங்க மொழியில முதலாளிக்குப் பேரு அத்தானா? உக்காருங்க அத்தான், இவங்க எல்லாருக்கும், அதோ லீவு குறிச்சுக்கிட்டு நிக்கறாரே அவரையும் சேத்து, ஏன் நீங்க இதுவரைக்கும் இன்சூரன்ஸ் கட்டலை?"