நூறு நன்னாரி

மூன்றாம் முறை எண்ணியும் தொண்ணூறுதான் வந்தது. நூறு நன்னாரிக் கொடி இருந்தால் அரங்கநாதனுக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மாமனாரின் ரைஸ் மில்லுக்குத் திரும்ப வேண்டும். அந்த மாமனாரை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கள்ளக்குறிச்சியில் மூலிகைச் சங்கத் தோட்டத்துக்கு அவர்தான் மேற்பார்வை. கல்வராயன் மலையில் நன்னாரியை வேரோடு பிடுங்கியே தீர்க்கிறார்கள், கீழே வளர்த்தாவது காப்போம் என்பது சங்கத்தின் எண்ணம். நட்ட நூறில் பத்துக் கொடியை அரங்கநாதன் யூரியா போட்டே கொன்றிருந்தார்.

நல்லவேளை, அது எண்பத்தேழாம் வருஷம். இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். எண்ண வரவேண்டிய அதிகாரி, வழி திறந்ததும் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

தெரிந்தவர் கண்ணில் படாமலிருக்க, விழுந்த புளியமரங்களின் மேல் சைக்கிளைத் தூக்கிக் கடந்து, வடக்கனந்தலில் மூலிகை விற்கும் பெரியநாயகியிடம் போனார்.

"பச்சையா நன்னாரி வேணும்மா. வேரோட, கொடியோட. பத்து."

"இன்னாத்துக்கு சார்?"

"வூட்டுக்காரிக்கு ஒடம்பு சூடு."

"பத்துக் கொடி சூடா? நாளைக்கு வாங்க. மலைரோடு மூடிக்கீது, ஆளு வச்சிதான் எடுத்தாரணும்."

மறுநாள் கொடிகளை முகர்ந்து பார்த்தார் அரங்கநாதன். "மலைச்சரக்குன்னா மலைச்சரக்குதான். கீழ வளக்கறதுல இந்த வாசனை வருமா?"

கொண்டுபோய் நட்டார். இரண்டு வாடிப்போயின. எண்ணினார். எண்பத்தெட்டு.

தண்ணீர் ஊற்றும் மாயவனைக் கூப்பிட்டார். "இன்னாப்பா, நட நட கம்மியாவுது?"

"ஆடா இருக்கும் சார்."

வேலி கட்டிப் பூட்டும் போட்டார். சாவியை மாயவனிடமே கொடுத்து, இமைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஆட்டுக்கும் சேர்த்து வடக்கனந்தலில் இருபது கேட்டார்.

"சூடு இன்னும் எறங்கலையா சார்?"

"மச்சினிச்சி கல்யாணம். சர்பத்து போடணும்."

இருபதையும் நட்டார். சில வேர் பிடிக்கவில்லை, பலவற்றைக் காணவே காணோம். எழுபத்து நான்கு. மாயவனுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து, கூடுதல் விழிப்பாக இருக்கச் சொன்னார். அடுத்து நாற்பது வாங்கி நட்டார். ஐம்பத்தொன்று.

மனைவி அம்சவள்ளி பேனாவில் மை நிரப்பிக்கொண்டு, அப்பாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள்.

மறுநாள் ஐம்பது வேண்டும் என்று அரங்கநாதன் போய் நின்றபோது, பெரியநாயகி கூடையைக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"ரோடு தொறந்துட்டாங்களாம் சார், நாளைக்கு நெஜமாவே மலையிலேர்ந்து சரக்கு எறங்கிடும். எங்க அண்ணன் மாயவனும் பாவம், ஒங்க ஒருத்தருக்காவ கள்ளக்குறிச்சியில அது வேல செய்யிற தோட்டத்துலேர்ந்து தினம் புடுங்கியாந்து இடுப்பு வுட்டுப்போச்சு. அங்க எவனோ ஒரு கிறுக்கன், இது புடுங்கப் புடுங்க நட்டுக்கினே கீறானாம்."