ஹங்கேரியாரின் ராஜினாமாக்கள்

ஹங்கேரி அரசியலால் ஹங்கேரிக்காரர்கள்கூட அவ்வளவு அவதிப்பட்டிருக்க மாட்டார்கள். 1920களில் ரங்கூன் மொகல் தெரு மெஸ்ஸில் சாப்பிட்ட நாங்கள் பட்டோம்.

காரணம், எங்கள் மெஸ் காரியதரிசி. துறைமுகத்தில் குமாஸ்தா. கப்பலில் யாரோ போட்டுவிட்டுப் போன லண்டன் பத்திரிகையில் ஹங்கேரி மந்திரி ஒருவரின் படத்தைப் பார்த்தார். மீசை அச்சு அசல் இவருடையது. அன்று முதல் அவர் ‘நம்ம மந்திரி’ ஆனார்; இவர் எங்களுக்கு ஹங்கேரியார் ஆனார்.

நம்ம மந்திரி சும்மா இருக்கிறவர் இல்லை என்று மெயில் கப்பலில் வந்த ஒவ்வொரு பத்திரிகையும் சொன்னது. எதிர்க்கட்சிக்காரரை வாள்சண்டைக்கு அழைத்தார். மைத்துனருக்கு உத்தியோகம் கொடுத்தார் என்று கூச்சல் எழுந்தது. யாராவது குற்றம் சொன்னால் உடனே ராஜினாமா. கெஞ்சி அழைத்தால் மறுபடியும் பதவி. ஹங்கேரியாரும் அதையே பிடித்துக்கொண்டார். மைத்துனரைச் சமையலுக்கு வைத்தார். சாம்பாரில் உப்பு அதிகம் என்றால் சாமான் அறைச் சாவியை மேசையில் வைத்துவிடுவார். நாங்கள் கெஞ்சி, அதை அவர் இடுப்பில் செருகினால்தான் ராத்திரிச் சோறு.

ஒருநாள் மைத்துனர் குழம்பில் பர்மாக்காரர்களின் ஙாப்பி என்ற மீன் விழுதைக் கலந்துவிட்டார். அழுகிய மீன் வாடை தெருமுனை வரை வீசியது. எல்லோரும் முணுமுணுத்தோம். சாவி மேசைக்கு வந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த டிராம் கண்டக்டருக்கு எங்கள் வழக்கம் தெரியாது. சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

“சரிண்ணே, ஏத்துக்கிட்டோம்.”

ஹங்கேரியார் மாடிக்குப் போனார். மாடி அறை காரியதரிசிக்கு என்று விட்டது. அதை விட்டால் அவருக்கு ரங்கூனிலும் போக்கிடம் இல்லை; இந்த மைத்துனரைத் தவிர ஊரிலும் ஆள் இல்லை. மேலே டிரங்குப் பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது.

நான் கூட்டத்தில் வாய் திறக்காதவன். அன்று எப்படியோ பேசிவிட்டேன்.

“நம்ம மந்திரியும் இப்ப ராஜினாமாவுலதான இருக்காரு. மெயில் கப்பல் வரட்டும். அவரத் திரும்பக் கூப்பிட்டாங்கன்னா இவரயும் கூப்பிடுவோம்.”

சிரித்தார்கள், ஆனால் ஒப்புக்கொண்டார்கள். கண்டக்டரும் அதுவரை பெட்டி மேலேயே இருக்கட்டும் என்றார்.

கப்பல் வந்தது. பத்திரிகையை ஹங்கேரியாரே கூடத்தில் நின்று எங்களுக்குத் தமிழில் சொன்னார். மந்திரியை யாரும் அழைக்கவில்லை. அவர் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். மந்திரி தம் கிராமத்துக்குப் போய் நாய்களோடு இருக்கிறாராம். பத்திரிகையை நான்காக மடித்துவிட்டு, ஹங்கேரியார் பெட்டியை எடுக்கக் கிளம்பினார்.

கண்டக்டர் மாடிப்படியில் வழிமறித்தார்.

“அந்த ஊர்ல வேற ஆள் கெடச்சிட்டான்ணே. எங்களுக்குக் கெடைக்கல. ஒங்க மச்சான் எங்க பேச்சக் கேக்க மாட்டேங்கிறாரு, தெனமும் ஙாப்பிதான். இந்தாங்க சாவி.”

ஹங்கேரியார் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். மீசையைத் தடவிக்கொண்டார்.

“பாவம், அந்த மனுசனுக்கு ஒரு மெஸ் இல்லாமப் போச்சே” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். அன்றைக்கு அவரே சமைத்தார்.

சாம்பாரில் உப்பு மிகவும் அதிகம். ஒருவரும் சொல்லவில்லை. கண்டக்டர் மட்டும் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.