சகலையின் மூக்கும் என் மூக்கும்

மரியாதைக்குரிய சகலை அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். தங்கள் நலமும், குறிப்பாகத் தங்கள் மூக்கின் நலமும் அறிய ஆவல்.

இதைப் பொறாமையில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். சென்ற மாதம் நீங்கள் குடும்பத்தோடு வந்துபோனபோது எடுத்த படத்தை என் மனைவி செல்போனில் பெரிதாக்கிப் பார்த்து, "அக்கா வீட்டுக்காரர் மூக்கு எவ்வளவு வழவழன்னு இருக்கு பாருங்க" என்றாள். அத்தோடு விட்டிருக்கலாம். படத்தை நகர்த்தி என் மூக்குக்கு வந்து, "உங்களுது சல்லடை மாதிரி இருக்கு" என்றாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் பிழைப்போ மூக்குக்கண்ணாடிக் கடையில். வாடிக்கையாளருக்கு ஃபிரேம் மாட்டிவிடக் குனிந்தால் என் கண்ணாடி மூக்கில் வழியும் எண்ணெயில் வழுக்கி அவர் மடியில் விழும். சகலைக்கு வாய்த்தது நமக்கு வாய்க்காதா என்று சோப்புப் போட்டுக் கழுவினேன், கழுவக் கழுவ எண்ணெய் பொங்கியது, சர்க்கரையை வைத்துத் தேய்த்தேன், மூக்கு தக்காளியானது, கரும்புள்ளி எடுக்கும் பட்டையைக் கடையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றால், முதலாளி எல்லார் முன்னாலும், "மூக்குல என்னய்யா கட்டு? வீட்ல சண்டையா?" என்றார். ஆமாம் என்றேன். பொய்யில்லையே.

கடைசியில் தோல் மருத்துவர் அம்மாவிடம் உங்கள் படத்தை நீட்டி, "இந்த மூக்கு வேணும் டாக்டர்" என்றேன்.

"யார் இவரு?"

"சகலை."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "தோல்ல இருக்கிற துளை இழுத்துச் சாத்துற கதவு இல்லைங்க. எண்ணெய் அடங்கினா கண்ணுக்கு அவ்வளவா தெரியாது. காலையிலயும் ராத்திரியும் மென்மையான ஃபேஸ்வாஷ் போட்டுக் கழுவுங்க, எண்ணெய் இல்லாத கிரீம் தடவுங்க. தேய்க்காதீங்க, பிதுக்காதீங்க. முதல்ல சகலை படத்தை அழிங்க."

அழித்தேன். மூக்கு மெல்ல அடங்கியது; கண்ணாடியும் வைத்த இடத்தில் நிற்கிறது. மனைவியின் முன்னால் போய் வெளிச்சத்தில் நின்று, "ஏதாவது வித்தியாசம் தெரியுதா?" என்று கேட்டேன். உற்றுப் பார்த்துவிட்டு, "சட்டை புதுசா?" என்றாள்.

போகட்டும். இப்போது என் மனதில் துளிப் பொறாமை இல்லை. நீங்களும் உங்கள் மூக்கும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத இளைய சகலை

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் உங்கள் புதுப் படம் வந்தது. மூக்கை நான் பார்க்கவே இல்லை. இந்த வயதில் தலையில் இவ்வளவு முடியா? என்ன எண்ணெய் தேய்க்கிறீர்கள் என்று உடனே எழுதவும். வீட்டு முகவரிக்கு வேண்டாம், கடைக்கு அனுப்பவும்.